பென்னலூர் லைன் வீட்டுக்கு நட்சத்திரம் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்:
லைன் வீட்டுக்காரர்,
பென்னலூர், ஸ்ரீபெரும்புதூர் வட்டம்,
காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
ஹோட்டல் மற்றும் உணவக ஒப்புதல் வகைப்பாட்டுக் குழு,
சுற்றுலா அமைச்சகம், புது தில்லி.

பொருள்: எனக்குச் சொந்தமான 12 அறைகளுக்கு நட்சத்திர அந்தஸ்து வழங்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்தால், செம்பரம்பாக்கம் தாண்டி, இருங்காட்டுக்கோட்டை சிப்காட் தாண்டி, ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருக்கிறது எங்கள் பென்னலூர். பொறியியல் கல்லூரியின் பலகையைப் பார்த்துத்தான் பலருக்கு ஊர் பெயரே தெரியும். 1998இல் ஹூண்டாய் சான்ட்ரோ வெளியே வந்தபோது என்னிடம் நாலு அறை. 2006இல் நோக்கியா வந்தபோது எட்டு. 2014 நவம்பர் 1ஆம் தேதி நோக்கியா உற்பத்தியை நிறுத்தியபோது எட்டும் காலி. என் வீட்டு அடுப்பே அணைந்துவிடும் போலிருந்தது. அப்புறம் செல்போன் வேறு பெயர்களில் திரும்பி வந்தது, அறைகளும் பன்னிரண்டாயின. பத்து அறை இருந்தாலே தங்கள் குழுவிடம் விண்ணப்பிக்கலாம் என்கிறார்கள். என்னிடம் இரண்டு கூடுதலாகவே இருக்கின்றன.

இத்தனை வருடம் விண்ணப்பிக்காமல் இருந்ததற்குக் காரணம் அறியாமை. அதைப் போக்கியவன் என் தங்கை மகன். ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்துவிட்டு ஹைவே ஓரத்துப் பெரிய ஹோட்டல் ஒன்றில் ரிசப்ஷனில் நிற்கிறான். ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தவன், "மாமா, இனிமே ரூம் விக்கிற காலம் போச்சு. அனுபவம் விக்கணும். வர்ற ஒவ்வொருத்தருக்கும் என்ன பிடிக்கும்னு அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள நமக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றான். பயண உலகில் புதிதாக வந்திருக்கும் போக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னான். கேட்கக் கேட்க எனக்குத் திகைப்பு. அவன் சொன்ன அத்தனையும் என் லைன் வீட்டில் எப்போதோ அமலுக்கு வந்தவை. ஒரு ஆலோசகருக்கும் ஒரு பைசா கொடுக்காமல் செய்திருக்கிறேன்.

உதாரணத்துக்கு நீண்ட நாள் தங்கல். இப்போதெல்லாம் பெரிய ஹோட்டல்கள் ஒரு நாள், இரண்டு நாள் விருந்தினரை விட மாதக்கணக்கில் தங்குகிறவரைத்தான் தேடுகின்றனவாம். என் விருந்தினர் மாதக்கணக்கில்தான் தங்குகிறார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம், நம் பக்கத்துத் திருவண்ணாமலை, விழுப்புரம் என்று எல்லாத் திசையிலிருந்தும் வருகிறார்கள். ஏழு மாதம், ஏழரை மாதம் இருப்பார்கள். 240 நாள் தொடர்ந்து வேலை செய்துவிட்டால் தொழிலாளிக்குச் சட்டத்தில் ஏதோ உரிமை பிறக்கிறதாம். அந்த நாள் நெருங்கும்போது என் விருந்தினர் பலருக்கு ஊர் ஞாபகம் வந்துவிடுகிறது. ஏன் என்று கான்ட்ராக்டரிடம் நான் கேட்டதில்லை. போனவர் படுத்த பாய் ஆறுவதற்குள் அடுத்தவரை அனுப்பிவிடுகிறார், அதில் குறை சொல்ல முடியாது.

அறையின் அளவு பற்றித் தாங்கள் கவலைப்படக்கூடும். தங்கள் விதிப்படி ஒரு நட்சத்திர ஹோட்டலில் இருவர் தங்கும் அறை 120 சதுர அடி இருக்க வேண்டும், ஐந்து நட்சத்திரம் என்றால் 200. என் அறை பத்துக்குப் பத்து, மேலே சிமெண்ட் ஷீட். அறைக்கு ஆறு பேர். பார்க்கக் குறைவாகத் தெரியும், ஆனால் கணக்குப் போட்டால் அப்படியில்லை. ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று எந்நேரமும் இரண்டு பேர் கம்பெனியில் இருப்பார்கள். மீதி நாலு பேரில் இரண்டு பேர் பஸ்ஸுக்கோ, தண்ணீருக்கோ, கக்கூஸுக்கோ வரிசையில் நிற்பார்கள். ஆக, அறையில் உள்ளபடி தங்குவது இருவர்தான். தலைக்கு 50 சதுர அடி. ஒரு நட்சத்திரத்துக்குப் பத்து அடிதான் இடிக்கிறது. வாசற்படியையும் சேர்த்துக்கொண்டால் சரியாகிவிடும். லீவு நாளில் ஆறு பேரும் ஒன்றாக இருந்தால் கணக்குக் கொஞ்சம் உதைக்கும். ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் போட்டுக் கம்பெனிகள் எனக்குத் துணை நிற்கின்றன.

ஒற்றைக் கட்டில் 90 செண்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்கிறது தங்கள் பட்டியல். டேப் வைத்து அளந்தேன். என் கோரைப்பாய் அந்த அகலம் வருகிறது. மெத்தை 10 செண்டிமீட்டர் கனம் இருக்க வேண்டும் என்ற இடத்தில்தான் சலுகை கோருகிறேன். பாயை எத்தனை மடிப்பு மடித்தாலும் அந்தக் கனம் வரவில்லை. வந்தால் படுக்க நீளம் இருப்பதில்லை.

மருமகன் போனில் ஒரு படம் காட்டினான். ஜப்பானில் பெட்டி பெட்டியாக அடுக்கிய ஹோட்டல். ஆள் உள்ளே ஊர்ந்துபோய்ப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதன் முதல் வடிவத்தை கிஷோ குரோகாவா என்ற கட்டடக் கலைஞர் 1979இல் ஒசாகா நகரத்தில் கட்டினாராம். படுக்கைக்கு ஒரு விளக்கு, ஒரு டி.வி. என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. அதே 1979இல்தான் நம் நாடாளுமன்றமும் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. வேலைக்கு அழைத்துவரும் கான்ட்ராக்டர் தகுந்த தங்குமிடம் தர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. ஒசாகாவில் தகுந்தது என்றால் என்ன அளவு என்று வரைபடம் போட்டார்கள். இங்கே அந்த வேலையை என்னைப் போன்றவர்களிடம் விட்டுவிட்டார்கள். நம்பிக்கை வைத்ததற்கு நன்றி. இப்போது அந்தச் சட்டமும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. என் சிமெண்ட் ஷீட் அப்படியே இருக்கிறது.

கையால் எதையும் தொடாத செக்-இன் என்று ஒன்று சொன்னான். கவுண்டர் இல்லை, சாவி இல்லை, கையெழுத்து இல்லை, எல்லாம் போனிலேயே. என்னிடமும் அதேதான். ராத்திரி பதினொரு மணிக்கு வேன் வந்து நிற்கும். எட்டுப் பேர் பையோடு இறங்குவார்கள். ஆதார் அட்டைப் படங்கள் அதற்கு முன்பே கான்ட்ராக்டரிடமிருந்து வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். நான் எழுந்துகூட வருவதில்லை.

ரத்து செய்வதிலும் என் கொள்கை தாராளமானது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பன்னிரண்டு அறையிலும் ஆள் இருந்தது. வேலை இல்லை, சம்பளம் இல்லை, ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ரயில் கிடைத்தவர் ரயிலில், கிடைக்காதவர் நடந்து. கட்டிய அட்வான்ஸை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்காததைக் கொடுப்பது விருந்தோம்பலில் அத்துமீறல் ஆகிவிடும் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

இனி முக்கியமான விஷயம். விருந்தினரைத் தனித்தனியாக அறிதல்.

மருமகனின் ஹோட்டலில் கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வரும் மேனேஜர்கள், இன்ஜினீயர்கள்தான் அதிகம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எந்த நல்ல ஹோட்டலிலும் காலையில் போய்ப் பார்த்தால் தெரியும். இட்லி வடை ஒரு பக்கம், மிசோ சூப்பும் கிம்ச்சியும் மறு பக்கம். ரோட்டோரப் பலகைகளிலேயே கொரிய எழுத்து வந்து வெகு காலமாகிறது. விருந்தாளிக்கு அவர் வீட்டுச் சாப்பாட்டைப் போடுவது நல்ல பண்புதான், அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. அங்கே ஒருவர் இரண்டாவது தடவை வந்தால் கம்ப்யூட்டர் சொல்லிவிடுமாம்: இவருக்கு லிஃப்ட் பக்கத்தில் அறை வேண்டாம், தலையணை கெட்டியாக இருக்க வேண்டும், ஏ.சி. 23இல் வைக்க வேண்டும், மகளுக்கு இந்த வாரம் பிறந்த நாள். மருமகன் அவரை லாபியில் பெயர் சொல்லி, குனிந்து வரவேற்பான். தலையணைக்கே ஒரு மெனு கார்டு இருக்கிறதாம்.

அந்த மேனேஜர் காலையில் குளித்துக் கிளம்பிப் போகிற கம்பெனிக்குத்தான் என் மூன்றாம் நம்பர் அறைப் பையனும் போகிறான். ஒரே கேட், ஒரே லைன். அவர் பார்க்கும் எண்ணிக்கையை இவன் செய்து கொடுக்கிறான். அவரைப் பற்றி மருமகனின் கம்ப்யூட்டரில் பக்கம் பக்கமாக இருக்கிறது. இவனைப் பற்றி என் நோட்டில் என்ன இருக்கிறது என்று எடுத்துப் பார்த்தேன். "ரூம் 3 – ஒடிசா – 6 – பாக்கி 1,800."

ஆறு பேரின் பெயரும் அதில் இல்லை. கூப்பிடுவதற்குப் பெயர் தேவைப்பட்டதில்லை ஐயா. "ஏய் தம்பி" என்றால் ஆறு பேரும் திரும்புகிறார்கள், அதில் வேண்டியவனிடம் பேசிக்கொள்வேன். கடைத்தெருவில் வேறு பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள், அதைத் தங்களுக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஆனாலும் எனக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்ல முடியாது. மூன்றாம் நம்பர் அறையில் ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் உப்பும் பச்சை மிளகாயும் வெங்காயமும் வைத்துச் சாப்பிடுகிறார்கள். பகாளா என்கிறார்கள். பார்த்தால் நம் பழைய சோறுதான். எங்கள் வீட்டில் அப்பா ஏர் கட்டப் போகுமுன் இதைத்தான் கரைத்துக் குடிப்பார். அந்த நிலம் இப்போது சிப்காட்டுக்குள் இருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் இப்போது பழையது சாப்பிடுவதில்லை. மருமகன் சொல்கிறான், பெரிய ஹோட்டல்களில் மண் சட்டியில் ஊற்றி, பாரம்பரியக் காலை உணவு என்று பெயர் வைத்து, ஒரு சட்டிக்கு எங்கள் மாத வாடகையில் பாதி வாங்குகிறார்களாம். என் வளாகத்தில் அது தினமும் இலவசமாக நடக்கிறது. சுற்றுலா அமைச்சகம் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வேலையும் பொழுதுபோக்கும் கலந்த பயணம் என்று இன்னொரு போக்காம். அருகிலுள்ள சுற்றுலா இடங்கள் என்ற கட்டத்தில் ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலையும், ராமானுஜர் பிறந்த தலம் என்பதையும், ராஜீவ் காந்தி நினைவிடத்தையும் எழுதியிருக்கிறேன். என் விருந்தினர் இவற்றையெல்லாம் கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் வழியே, தூங்கி விழுந்துகொண்டே, பலமுறை தரிசித்திருக்கிறார்கள். செல்போனைத் தள்ளிவைத்து மனதுக்கு ஓய்வு கொடுக்கும் விடுதிகளுக்கு மலைப் பிரதேசங்களில் நல்ல கிராக்கி என்றும் கேள்வி. என் பையன்கள் எட்டு மணி நேரம் செல்போனைச் செய்துகொண்டே இருக்கிறார்கள், சொந்தச் செல்போனை மட்டும் லைனுக்குக் கொண்டுபோகக் கூடாது. இதைவிட ஓய்வு எந்த மலையில் கிடைக்கும்?

எங்களுக்கும் சீசன் உண்டு. ஊட்டிக்குக் கோடை, மகாபலிபுரத்துக்கு மார்கழி. எங்களுக்கு ஆடி, ஆவணி. செப்டம்பரில் அமெரிக்காவில் புது ஐபோன் மேடை ஏறுவதற்கு முன்னால் இங்கே ஆள் எடுப்பார்கள். அப்போது தலைக்கு 1,800 என்பது 2,200 ஆகும். தேவைக்கேற்ப மாறும் கட்டணம் என்று மருமகன் அதற்கும் பெயர் வைத்திருக்கிறான். நான் அதைப் பேராசை என்று நினைத்து இத்தனை நாள் உள்ளுக்குள் வருந்திக்கொண்டிருந்தேன். படித்த பிள்ளை ஒருவன் வீட்டில் இருந்தால் மனச்சாட்சிக்கு எவ்வளவு நிம்மதி!

விருந்தினரின் விமர்சனம் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெரிய ஹோட்டல்கள் இன்று அதற்குத்தான் நடுங்குகின்றன. ஒருவர் இணையத்தில் ஒரு நட்சத்திரம் குறைத்துப் போட்டால் ஜெனரல் மேனேஜரே மன்னிப்புக் கேட்டு எழுதுகிறாராம். எங்கள் தொழிலில் யாரும் விமர்சனம் எழுதுவதில்லை என்றுதான் நானும் நம்பியிருந்தேன். 2021 டிசம்பரில் எழுதினார்கள். பூந்தமல்லி பக்கம், ஐபோன் செய்யும் பாக்ஸ்கான் ஆலையின் தொழிலாளர்கள் தங்கிய விடுதி ஒன்றில் சாப்பாடு கெட்டு, 250க்கும் மேற்பட்ட பெண்கள் பாதிக்கப்பட்டார்கள். ராவெல்லாம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். லாரிகள் மைல் கணக்கில் நின்றன. அப்புறம் ஆப்பிள் கம்பெனியே, தொழிலாளர் தங்கும் இடங்களிலும் சாப்பாட்டுக் கூடங்களிலும் சில தன் தரத்துக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஆலை திரும்ப ஓட ஜனவரி ஆனது. எத்தனையோ மாதம் வார்டனிடம் சொல்லிச் சொல்லி நடக்காததற்கு ரோட்டில் எழுதியதும் அமெரிக்காவிலிருந்து பதில் வந்துவிட்டது. அந்த வாரம் நானும் எங்கள் கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அப்புறம் என் தலையிலும் ஒன்று விடிந்தது. 2024 ஆகஸ்டில் முதலமைச்சரே வந்து வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கு ஒரு குடியிருப்பைத் திறந்துவைத்தார். 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. 13 கட்டடங்களில் 18,720 பெண்கள் தங்கலாம். கிண்டியில் இருக்கும் கிராண்ட் சோழா ஹோட்டலில் மொத்தமே 600 அறைதான். ஆனால் அந்த 600 அறையின் சோப்பு, துண்டு, திரைச்சீலை எல்லாவற்றையும் தங்கள் பட்டியல் கேட்கிறது. 18,720 படுக்கை பற்றி அதில் ஒரு வரி இல்லை. தமிழ்நாட்டின் மிகப் பெரிய தங்கும் விடுதிக்கே தங்களிடம் நட்சத்திரம் இல்லை என்றால் என் 12 அறைக்கு எப்படிக் கிடைக்கும் என்று மருமகன் கேட்கிறான். அது நியாயமான கேள்விதான். அரசே போட்டிக்கு இறங்கினால் என்னைப் போன்ற சிறு முதலீட்டாளர்கள் என்ன ஆவது என்பது என் கேள்வி. நல்ல வேளை, அது பெண்களுக்கு மட்டும். ஆண் பிள்ளைகளை அரசு இன்னும் எனக்கென்று விட்டுவைத்திருக்கிறது.

ஒரே ஒரு அரசு அமைப்பு எங்களை மறக்கவில்லை. 2024 ஜூனில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், மாதம் தலைக்கு 20,000 ரூபாய்க்கு மிகாமல், குறைந்தது 90 நாள் தொடர்ந்து தங்குகிறவரின் வாடகைக்கு வரி வேண்டாம் என்று பரிந்துரைத்தது. என் கட்டணம் 1,800. ஆகவே வரிக்குப் பயப்படாமல் இன்னும் 18,200 ரூபாய் ஏற்ற எனக்கு இடமிருக்கிறது.

இனி என்ன செய்யப்போகிறேன் என்ற கட்டத்தை நிரப்ப வேண்டுமாம். மருமகன் ஒரு யோசனை சொன்னான். செலவில்லாத யோசனைதான். ஆறு பேரிடமும் பெயரைக் கேட்டு நோட்டில் எழுது மாமா, எவன் எந்த ஷிப்ட் என்று எழுது, சி ஷிப்ட் முடித்து வந்தவன் தூங்கும்போது மோட்டார் போடாதே, பகலில் வெயிலை மறைக்க ஜன்னலுக்கு ஒரு கறுப்புத் துணி கட்டு, ஆளுக்கொரு பிளக் பாயிண்ட், ஆளுக்கொரு ஆணி, சட்டை மாட்ட. விருந்தினர் என்ன விரும்புவார் என்று உன் நோட்டிலேயே தெரிந்துவிடும், கம்ப்யூட்டர் வேண்டாம் என்றான். கேட்டுப் பார்த்தேன். ஒரு பையன், பூட்டுப் போட ஒரு சின்னப் பெட்டி வேண்டும் என்றான். இன்னொருவன், அம்மாவோடு வீடியோ காலில் பேசும்போது அஞ்சு நிமிஷம் அறையில் வேறு யாரும் இல்லாமல் இருந்தால் போதும் என்றான். ஆணி அடித்துவிட்டேன். துணியும் கட்டிவிட்டேன். அந்த அஞ்சு நிமிஷத்துக்குத்தான் என்னிடம் இடமில்லை. தங்கள் விதிகளில் அதற்கு எத்தனை சதுர அடி என்றும் பார்த்தேன், காணவில்லை.

தங்கள் குழு நேரில் வந்து பார்வையிடும் என்று தெரிகிறது. வரும் நேரம் பிற்பகல் 2 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் இருந்தால் நலம். ஏ ஷிப்ட் இன்னும் வந்திருக்காது, பி ஷிப்ட் போயிருக்கும், அறையில் நிற்கலாம். சி ஷிப்ட் பையன்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள், காலைப் பார்த்து வைக்கவும். செருப்பை வெளியே விடவும். ஒரு நட்சத்திரம் கொடுத்தாலும் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும் என்கிறார்கள், எனக்கு ஒன்றே போதும். உறுப்பினர்கள் ஓரிரவு தங்கிப் பார்க்க விரும்பினால் அதற்கும் தடையில்லை. ஆறு பேர் வரை ஓர் அறையே போதும். அட்வான்ஸ் இரண்டு மாதம், கரண்ட் பில் தனி, தண்ணீர் கேன் அவரவர் பொறுப்பு. மாலை ஆறு மணிக்கு மேல் மோட்டார் போடுவதில்லை என்பதால் அதற்குள் குளித்துவிடவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
லைன் வீட்டுக்காரர்,
பென்னலூர்.